பிரேக் கேபிள் அறுந்தால் நாமே மாற்றலாம்



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு அக்கா என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, முட்டியில கட்டு போட்டுக்கினு வந்திருக்க?" என்று கேட்டாங்க. நடந்ததைச் சொன்னேன். "இதையே செய்தி மடல்ல எழுது. நம்ம குழுவுல பாதிப் பேரு வண்டி ஓட்டுறாங்க, ஆனா பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு ஒருத்திக்கும் தெரியாது" என்றாங்க. அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி. குழுவில் உள்கடன் வாங்கித்தான் எடுத்தேன். காலை ஐந்தரை மணிக்குப் பால் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் ஆறு மணிக்குள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பலாம். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் நமக்கு டிக்கெட் இல்லைதான். ஆனால் அந்த நேரத்தில் எங்க தெருமுனைக்குப் பஸ் எங்கே வருது? வந்தாலும் பால் கேனை ஏற்ற விடுவாங்களா? வண்டி ஓடினால்தான் எங்க வீட்டில் வருமானம்.

இரண்டு வாரமாக இடது கைப் பிரேக் சொரசொரவென்று இருந்தது. பிடியை அழுத்தினால் உள்ளே மணல் நெறிபடுவது மாதிரி ஒரு உணர்வு. ஒரு நாள் பிடி ஓரத்தில் கம்பி இழை ஒன்று வெளியே நீட்டி விரலில் குத்தியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதன்மேல் கருப்பு டேப்பைச் சுற்றினேன்! விரலுக்கு வைத்தியம் பார்த்தேன், வண்டிக்குப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், ஊர்ச் சாலை வந்து விழுப்புரம் – புதுச்சேரி சாலையில் சேரும் இடத்தில் ஒரு லாரி வந்தது. பிரேக்கை அழுத்தினேன். பிடி தொளதொளவென்று கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. கேபிள் அறுந்துவிட்டது. வலது கையில் முன் பிரேக் இருப்பதே அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. இரண்டு காலையும் தரையில் தேய்த்து, ஓரத்து மண்ணில் இறக்கி, விழுந்தேன். லாரி போய்விட்டது. முட்டி கிழிந்தது, பால் முழுக்கக் கொட்டியது. நான் உயிரோடு இருந்து இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னொரு வேடிக்கை. வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி விழுப்புரம் கொண்டுபோக வாடகை கேட்டோம். அந்த வாடகை புதுக் கேபிளின் விலையைவிடப் பல மடங்கு. கேபிள் ஓரிரு நூறு ரூபாய்க்குள் முடிகிற சாமான். பக்கத்து வீட்டுத் தம்பி மெக்கானிக் வேலை தெரிந்தவர். "அக்கா, நான் கை வைக்க மாட்டேன். நான் சொல்லச் சொல்ல நீங்களே மாட்டுங்க" என்றார். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. இப்போது மறுபடி செய்யச் சொன்னால் அரை மணிதான் ஆகும்.

பிரேக்குக்குள் என்ன இருக்கிறது?

நம்மில் பலர் வைத்திருக்கும் மொபெட், ஸ்கூட்டி வகை வண்டிகளில் டிரம் பிரேக்தான். சக்கரத்தின் நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு டிரம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதற்குள் பிறை நிலா வடிவில் இரண்டு பிரேக் ஷூ, சுற்றாமல் நிற்கும். ஷூவின் வெளிப்பக்கம் லைனிங் ஒட்டியிருக்கும். நாம் பிடியை அழுத்தினால் கேபிள் இழுக்கும். கேபிள் சக்கரத்துப் பக்கம் இருக்கிற சின்ன இரும்புக் கையை இழுக்கும். அந்தக் கை உள்ளே ஒரு கட்டையைத் திருப்பும், ஷூ இரண்டும் விரிந்து டிரம்மில் உரசும். வண்டி நிற்கும். கையை விட்டால் ஸ்பிரிங் ஷூவைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம்.

கேபிள் என்பது ஒரே கம்பி கிடையாது. மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்த கயிறு, அதற்கு மேல் ஒரு உறை. நுனியில் ஈயக் குண்டு மாதிரி ஒரு நிப்பிள். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அந்த நிப்பிள் பக்கத்தில்தான் கம்பி மடங்குகிறது. அதனால் அங்கேதான் முதலில் இழை அறும். ஒரு இழை அறுந்தால் அதன் பாரம் மற்ற இழைகளுக்குப் போகும். அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக அறும். கடைசி இழைகள் எப்போது அறும்? நாம் ரொம்ப பலமாக அழுத்தும்போது. அதாவது எதிரில் லாரி வரும்போது. சும்மா வீட்டு வாசலில் நிற்கும்போது அறுந்து தொலைக்காது.

2018-இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியம் கொடுத்தது நினைவிருக்கும். அப்போது எடுத்த வண்டிகளில் இன்னும் முதல் கேபிளே ஓடிக்கொண்டிருந்தால் இன்றைக்கே குனிந்து பாருங்க. அப்புறம் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். நம்ம மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. வண்டிகள் தண்ணீரில் நின்றன. அந்தத் தண்ணீர் கேபிள் உறைக்குள் இறங்கினால் வெளியே வராது, உள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்திருக்கும்.

எது கெட்டிருக்கிறது என்று பிடியே சொல்லிவிடும். அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று போனால் கேபிள் அறுந்துவிட்டது. அழுத்தக் கஷ்டமாக இருந்து, விட்டால் மெதுவாகத் திரும்பினால் கேபிளில் துரு, அல்லது சக்கரத்துப் பக்கத்துக் கை இறுகிவிட்டது. எவ்வளவு டைட் செய்தாலும் மறுபடி பிடி கைப்பிடி வரை வந்தால் ஷூ தேய்ந்துவிட்டது. 'கர்ர்' என்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால் லைனிங் தீர்ந்தே போய்விட்டது. அதற்குமேல் ஓட்டினால் டிரம்மும் போகும், செலவு இரட்டிப்பு.

கேபிள் மாற்றும் முறை

கடையில் வாங்கும்போது வண்டியின் பெயர், மாடல், வருடம் சொல்லி, முன் பிரேக்கா பின் பிரேக்கா என்றும் சொல்லுங்க. முடிந்தால் பழைய கேபிளையே எடுத்துப் போங்க. இரண்டையும் பக்கத்தில் வைத்து நீளம், இரண்டு நுனியின் வடிவம் பார்க்கணும். ஒரு விரற்கடை நீளம் கூடினாலும் அட்ஜஸ்ட் ஆகாது. "இதுவும் சேரும்மா" என்று கடைக்காரர் சொன்னால் சரியென்று தலையாட்டாதீங்க.

வேண்டியவை: வண்டியோடு வரும் ஸ்பேனர்கள், ஒரு கட்டிங் பிளையர், ஒரு பழைய டம்ளர், துணி. டம்ளர் எதற்கு? கழற்றும் நட்டு, ஸ்பிரிங், பின் எல்லாம் போட. என் நட்டு ஒன்று கோழி கிளறிய மண்ணில் போய் அரை மணி நேரம் தேடினோம்.

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்க. சாவியை எடுத்துவிடுங்க. இப்போதுதான் ஓட்டி வந்தது என்றால் சைலன்சர் ஆறும் வரை காத்திருங்க. கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்க. கேபிள் எந்த வளையத்துக்குள் போகுது, எந்தக் கம்பிக்கு உள்பக்கம் போகுது என்று அப்புறம் சத்தியமாக நினைவு வராது.

முதலில் சக்கரத்துப் பக்கம். அங்கே அட்ஜஸ்ட் செய்யும் நட்டு இருக்கும். அதைத் தளர்த்தினால் கேபிள் தொய்வாகும். இரும்புக் கையிலிருந்து கேபிளை எடுங்க. ஸ்பிரிங்கும் பின்னும் எந்த வரிசையில் இருந்தது என்று பார்த்து டம்ளரில் போடுங்க. அடுத்து மேலே பிடிப் பக்கம். பிடியில் ஒரு வெட்டு இருக்கும். அதற்கு நேராகக் கம்பியைக் கொண்டுவந்தால் கம்பி வெளியே வரும், நிப்பிளைக் குழியிலிருந்து தள்ளி எடுத்துவிடலாம்.

இப்போது ஒரு யுக்தி. பழைய கேபிளை உருவும் முன் அதன் ஒரு நுனியில் நீளமாகச் சணல் கயிறு கட்டிக்கொள்ளுங்க. பழையது வெளியே வரும்போது கயிறு அதே வழியில் உள்ளே போகும். பிறகு கயிற்றில் புதுக் கேபிளைக் கட்டி மறுபுறம் இழுத்தால் அதே பாதையில் போய்விடும். பாவாடைக்கு நாடா கோர்ப்பது மாதிரிதான். இந்த இடத்தில் ஆம்பளை மெக்கானிக்கைவிட நமக்குக் கை நன்றாக வரும் என்று நான் நினைக்கிறேன்.

நிப்பிளில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்க. தையல் மிஷினுக்கு விடுகிற நினைப்பில் தேங்காய் எண்ணெய் விடாதீங்க, நாளானால் பிசுபிசுத்து இறுகும். கேபிள் எங்கேயும் சட்டென்று மடங்கக் கூடாது, சைலன்சரைத் தொடக் கூடாது. ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் கேபிள் இழுபடக் கூடாது.

கடைசியாகச் சக்கரத்துப் பக்கம் மாட்டி, நட்டை முடுக்குங்க. எவ்வளவு முடுக்குவது? இங்கேதான் தப்பு நடக்கும். அறுந்துபோன பயத்தில் நான் கல் மாதிரி முடுக்கிவிட்டேன். தம்பி சக்கரத்தைச் சுற்றச் சொன்னார், சுற்றவே இல்லை. ஷூ எப்போதும் டிரம்மில் உரசிக்கொண்டே இருந்தால் டிரம் சூடேறும், லைனிங் சீக்கிரம் தேயும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். பிடியின் நுனி கொஞ்ச தூரம் சும்மா வந்து, பிறகு பிரேக் பிடிக்க ஆரம்பிக்கணும். பொதுவாக 10 முதல் 20 மில்லி மீட்டர், அதாவது ஒரு விரல் அகலம் மாதிரி. உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுதான் சரியான கணக்கு.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் தாராளமாகச் சுற்றணும். பிடியை அழுத்தினால் உடனே நிற்கணும். பிறகு பிடியை இருபது முறை பலமாக அழுத்துங்க. புதுக் கேபிள் இந்த அழுத்தத்தில் உட்கார்ந்து கொஞ்சம் தொய்யும். மறுபடி அளவு பார்த்துச் சரி செய்து, லாக் நட்டை முடுக்குங்க. பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியுதா என்று பிள்ளைகளை நிற்க வைத்துப் பாருங்க.

உடனே பால் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. முதலில் என்ஜின் போடாமல் தள்ளிக்கொண்டு போய்ப் பிரேக் பிடிங்க. அடுத்து காலியான தெருவில் மெதுவாக ஓட்டிப் பிடிங்க. அப்புறம்தான் பாரம், அப்புறம்தான் பெரிய ரோடு. இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி ஒரு முறை நட்டையும் அளவையும் பாருங்க.

அறுந்த கேபிளை முடிச்சுப் போட்டு, கட்டுக் கம்பி சுற்றி ஓட்டுவது நம்ம பக்கம் சகஜம். வீடு வரைக்கும்தானே என்பாங்க. முடிச்சு அழுத்தத்தில் நழுவும். தயவுசெய்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வாங்க.

ஷூ தேய்ந்திருந்தால்

ஷூ மாற்றச் சக்கரத்தைக் கழற்றணும். பின் சக்கரம் என்றால் எக்ஸ்.எல். வண்டியில் செயினும் சேர்ந்து வரும். அதனால் என் கருத்து: கேபிளை முதல் தடவையே நாமே மாற்றலாம். ஷூவை முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யணும். எங்கே கவனம் வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன், மெக்கானிக் செய்தாலும் பக்கத்தில் நின்று பார்க்க உதவும்.

இரண்டு ஷூவையும் சேர்த்தே மாற்றணும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. டிரம்மில் இருக்கும் கரும்பொடியை வாயால் ஊதக் கூடாது. சில லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடணும். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். டிரம் வழவழவென்று இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். மண்ணெண்ணெய், டீசல் போட்டுக் கழுவக் கூடாது. கிரீஸ் கை லைனிங்கில் பட்டால் அந்தப் பிரேக் பிடிக்காது. கிரீஸ் என்பது ஷூவை விரிக்கும் கட்டைக்கும் ஷூ திரும்பும் பின்னுக்கும் மட்டும், அதுவும் துளியூண்டு.

மிக முக்கியமானது ஒன்று. ஷூ மாட்டியிருக்கும் பிளேட், சக்கரத்தோடு சுற்றாமல் இருக்க வண்டியின் சட்டத்தில் ஒரு பிடிமானத்தில் உட்காரும். அது சரியாக உட்காராமல் நட்டை முடுக்கி ஓட்டினால், பிரேக் பிடித்ததும் பிளேட்டே சுற்றி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆளைத் தூக்கி எறியும். ஆக்சில் நட்டை முடுக்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முடுக்கினால் ஷூ நடுவில் சரியாக அமரும்.

இன்னொரு வித்தையும் உண்டு. ஷூ தேய்ந்த பிறகு, வெளியே இருக்கும் இரும்புக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருவாங்க. பிரேக் புதுசு மாதிரி பிடிக்கும், செலவும் இல்லை. ஆனால் உள்ளே லைனிங் இல்லையே! கட்டை அளவுக்கு மீறித் திரும்பி அப்படியே சிக்கிக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கு. "பல் தள்ளி மாட்ட வேண்டாம், ஷூ மாத்துங்க" என்று சொல்லுங்க. இந்த ஒரு வார்த்தை சொன்னாலே, விஷயம் தெரிந்தவங்க என்று மரியாதையாகப் பேசுவாங்க.

2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில், இடது பிடியை அழுத்தினால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. அதில் இரண்டு கேபிளுக்கும் சமம் பார்த்து அட்ஜஸ்ட் செய்யணும், ஒன்றை மட்டும் நம் இஷ்டத்துக்கு முடுக்கினால் அந்தச் சமம் கெடும். டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் அழுத்தம் வேலை செய்கிறது. அதைத் திறக்கவே வேண்டாம். இந்த இரண்டுக்கும் மெக்கானிக்தான்.

வலது கைக்கு என்ன பயம்?

கூட்டத்தில் கேட்டேன், முன் பிரேக் யார் பிடிக்கிறீங்க என்று. யாரும் கை தூக்கவில்லை. "முன்னாடி புடிச்சா கவுத்துடும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு" என்றார் ஒரு சகோதரி. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. உண்மை என்னவென்றால், பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது. அதனால் நிறுத்தும் வேலையைப் பெரும்பாலும் முன் சக்கரம்தான் செய்ய முடியும். மணலிலோ திருப்பத்திலோ வெடுக்கென்று பிடித்தால் வழுக்கும், அது உண்மை. நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தினால் கவிழாது. பின் பிரேக்கை மட்டுமே பிடித்துப் பிடித்துத்தான் நம் இடது கேபிளும் பின் ஷூவும் சீக்கிரம் போகின்றன. அன்றைக்கு எனக்கு வலது கை பழகியிருந்தால் முட்டி தப்பித்திருக்கும்.

ஒரு கணக்கு. 40 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறோம். கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போகும் முன்பே அந்த 11 மீட்டர் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். பின்னால் பால் கேன், பிள்ளை, மூட்டை என்றால் இன்னும் கடினம். மழையில் தண்ணீருக்குள் ஓட்டி வந்தால் டிரம் நனைந்து பிரேக் பிடிக்காது. கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் காய்ந்துவிடும்.

"பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனரு?" என்று எங்க தெருவில் ஒருத்தர் சிரித்தார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றபோதும் இப்படித்தான் கேலி செய்தாங்க. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண் அதிகாரி, அவர்தான் இதற்குத் துணை நின்றார். கேலி செய்தவர் வீட்டு வண்டிக்கும் போன வாரம் கிளட்ச் கேபிள் அறுந்தது. சணல் கயிறு யுக்தியை அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியோடு வாங்க. கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு வண்டியின் பிடி ஓரத்திலும் கம்பி இழை பிரிந்திருக்கா என்று சேர்ந்து பார்ப்போம். ஸ்பேனரும் ஒரு டம்ளரும் நான் கொண்டுவருகிறேன். என் பழைய கேபிளை இப்போது வீட்டுக்குப் பின்னால் பீர்க்கங்கொடிப் பந்தலுக்குக் கட்டியிருக்கேன். அறுந்த நுனி எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவங்க வீட்டுக்கு வாங்க, காட்டுகிறேன்.